இரு சக்கரமும் இரு நேரமும்

வருஷத்தில் ஒரு நாளுக்கு 23 மணி நேரந்தான் உண்டு, வேறொரு நாளுக்கு 25 மணி நேரம் உண்டு என்று யாராவது சொன்னால் நேயர்கள் என்ன நினைப்பார்கள்? சொன்னவருக்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கு மறந்துவிட்டது என்றோ, பஞ்சாங்கம் அச்சிட்டவர் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டார் என்றோதான் நினைப்பார்கள். ஆனால் இங்கிலாந்திலும், ஐரோப்பாவின் பெரும் பகுதியிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் வாழ்கிறவர்களுக்கு இது வேடிக்கைப் பேச்சன்று. வருஷந்தோறும் தவறாமல் நடக்கும் காரியம். இங்கிலாந்தில் மார்ச்சு மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று, பின்னிரவு ஒரு மணி அடித்ததும் கடிகாரம் இரண்டுக்குத் தாவிவிடுகிறது. அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று இரண்டு மணியிலிருந்து மறுபடியும் ஒன்றுக்குத் திரும்பி வருகிறது. அமெரிக்காவில் இதே திருவிளையாடல் மார்ச்சு மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையிலும் நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையிலும் நடைபெறுகிறது.

இதற்கு இங்கிலாந்தில் 'கோடை நேரம்' என்று பெயர். அமெரிக்காவில் 'பகல் சேமிப்பு நேரம்' என்கிறார்கள். பணத்தைச் சேமிக்கத் தெரியாத மனிதன் பகலைச் சேமிக்கப் புறப்பட்டான் பாருங்கள் என்று நம்மவர்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். இந்த மாற்றத்தை எல்லோரையும்விட அதிகமாக உடம்பில் உணருகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிற மனிதர். அவருடைய வண்டியில் உள்ள சிறு கடிகாரத்தைப் பற்றியும், அந்தக் கடிகாரத்தை மாற்றிய மறுநாள் அவர் சந்திக்கிற ஆபத்தைப் பற்றியும் இவ்வாரம் சற்றே விவரமாகப் பார்ப்போம்.

கைப்பிடி நடுவே ஒரு கடிகாரம்

மோட்டார் சைக்கிளுக்குக் கடிகாரம் எதற்கு, கையில்தான் கட்டியிருக்கிறாரே என்று கேட்கலாம். குளிர் தேசங்களில் வண்டி ஓட்டுகிறவர் முழங்கை வரை ஏறும் தோல் கையுறை அணிந்திருப்பார். அதன்மேல் கனத்த சட்டையின் கை வந்து விழுந்திருக்கும். கைக்கடிகாரம் அதற்கடியில் புதையல்போல் மறைந்து கிடக்கும். மணி பார்க்க வேண்டுமானால் ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, மறு கையால் சட்டையை விலக்க வேண்டும்! இரண்டு கையையும் விட்டுவிட்டு வண்டி ஓட்டுவது சர்க்கஸ்காரருக்குத்தான் சாத்தியம். சட்டைப் பையில் உள்ள கைபேசியும் அந்தச் சமயத்தில் உதவாது. ஆகவேதான் வேகமானிக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம் இருப்பது ஆடம்பரமாகக் கருதப்படாமல் அவசியமாகக் கருதப்படுகிறது.

இந்தக் கடிகாரத்தைத் திருத்துவதில் மூன்று விதம் உண்டு. பழைய வண்டிகளில் முள் வைத்த கடிகாரம் இருக்கும். அதன் பக்கத்திலோ பின்புறத்திலோ கடுகுபோல ஒரு சிறு திருகு இருக்கும். கையுறையைக் கழற்றி, இரண்டு விரல் நுனியால் அதைத் திருக வேண்டும். பிற்காலத்து வண்டிகளில் முள்ளுக்குப் பதிலாக எண்கள் ஒளிரும். பெரும்பாலும் அவற்றில் இரண்டு பொத்தான்கள் உண்டு. சாவியைத் திருப்பிவிட்டு, அவ்விரண்டையும் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மணியைக் காட்டும் எண் கண் சிமிட்ட ஆரம்பிக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் மணி ஒன்று கூடும். வசந்த காலத்தில் ஒரே ஓர் அழுத்தத்தில் வேலை முடிந்துவிடும். இலையுதிர் காலத்திலோ, பின்னோக்கிப் போகிற வழி பல வண்டிகளில் இல்லாதபடியால், ஒரு மணியைக் குறைப்பதற்காக முழுச் சுற்றும் சுற்றி வர வேண்டியிருக்கும். நடுவில் ஓர் அழுத்தம் அதிகமாகிவிட்டால் மறுபடியும் பிரதக்ஷிணந்தான். மூன்றாவது வகை, தற்காலத்து விலையுயர்ந்த வண்டிகள். அவை வான்கோள்களிலிருந்தோ கைபேசியிலிருந்தோ நேரத்தைக் கேட்டுக்கொண்டு தாமே திருத்திக்கொள்கின்றன.

இவ்வளவுதானே, இரண்டு நிமிஷ வேலைதானே என்று தோன்றும். ஆனால் வருஷத்தில் இரண்டே தடவை செய்கிற வேலை என்பதுதான் இதிலுள்ள சங்கடம். மார்ச்சில் கற்றுக்கொண்ட பொத்தான் வித்தை அக்டோபருக்குள் மறந்துபோகிறது. விளக்கப் புஸ்தகத்தைத் தேடினால் அது அகப்படுவதில்லை. ஆகவே, "போகட்டும், மணியில் ஒன்றைக் கழித்துக்கொண்டால் போயிற்று" என்று விட்டுவிடுகிற பெருமக்களும் உண்டு. அவர்களுடைய வண்டியில் கடிகாரம் வருஷத்தில் சில மாதம் சத்தியம் பேசும். மற்ற மாதங்களில் பொய் சொல்லும். எந்த மாதத்தில் எது என்பது சொந்தக்காரருக்கு மட்டும் தெரிந்த பரம ரகசியம்!

இன்னொரு சாராருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பனியும் உப்பும் படிந்த சாலையில் ஓட்ட விரும்பாமல், குளிர்காலம் முழுவதும் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திப் போர்த்தி வைத்துவிடுகிறவர்கள் அவர்கள். அக்டோபரில் நேரம் மாறும்போது வண்டி தூங்கிக்கொண்டிருக்கும். மார்ச்சில் மறுபடி மாறி, வசந்தம் வந்து, போர்வையை நீக்கும்போது கடிகாரம் தானாகவே சரியாயிருக்கும். இதற்கு ஒரே இடையூறு பாட்டரி. கடிகாரம் வண்டி நிற்கும்போதும் சிறிது சிறிதாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. குளிரில் பாட்டரி செத்துவிட்டால் கடிகாரமும் தன் ஞாபகத்தை இழந்துவிடும்; பிறகு பொத்தான் வித்தையிலிருந்து யாருக்கும் தப்புதல் இல்லை.

குதிரைமீது வந்த யோசனை

இத்தனை தொல்லைக்கும் மூலபுருஷர் யார் என்று அறிய நேயர்களுக்கு ஆவல் இருக்கும். முதலில் நியூஸிலாந்து தேசத்தில் ஜார்ஜ் ஹட்ஸன் என்பவர் 1895-ஆம் வருஷத்தில், கோடையில் கடிகாரத்தை 2 மணி முன்னால் தள்ளிவைக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். அவர் பூச்சிகளைச் சேகரித்து ஆராய்கிறவர். வேலை முடிந்து வந்த பிறகு பூச்சி பிடிக்க வெளிச்சம் போதவில்லை என்பது அவருடைய குறை. இன்று கோடை மாலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் கேளாமலே தலைக்கவசத்துக் கண்ணாடியில் பூச்சிகளைச் சேகரித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஹட்ஸன் பார்த்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் இந்த யோசனையை ஓர் இயக்கமாகவே ஆக்கியவர் இங்கிலாந்து தேசத்து வில்லியம் வில்லெட் என்பவர். வீடு கட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். 1905-ஆம் வருஷத்துக் கோடையில் ஒரு நாள் அதிகாலையில், லண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள பெட்ஸ் உட் என்னும் காட்டோரமாக அவர் குதிரைச் சவாரி செய்தார். சூரியன் உதித்து வெகுநேரமாகியும் வீடுகளில் ஜன்னல் திரைகள் மூடியபடியே இருந்தன. இவ்வளவு நல்ல வெளிச்சம் இப்படி வீணாகிறதே என்று அவருக்கு வருத்தம் உண்டாயிற்று. 1907-இல் 'பகல் வெளிச்சம் வீணாதல்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டார்.

வில்லெட்டின் திட்டத்தில் ஓர் அம்சத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நமக்கு உதவும். ஒரே இரவில் ஒரு மணியை விழுங்கச் சொல்லவில்லை அவர். ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொரு தடவையும் 20 நிமிஷம் வீதம், மொத்தம் 80 நிமிஷம் முன்னால் தள்ள வேண்டும். செப்டம்பரில் அப்படியே படிப்படியாகத் திரும்ப வேண்டும் என்றார். 1908-இல் பார்லிமெண்டில் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. பலர் பரிகாசம் செய்தார்கள்.

இங்கே ஒரு பொருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வில்லெட்டின் பிரசுரம் வெளியான அதே 1907-இல், மே மாதம் 28-ஆந் தேதி, ஐல் ஆப் மான் தீவில் 'டூரிஸ்ட் டிரோபி' என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம் முதன் முதலாக நடந்தது. ஒற்றை ஸிலிண்டர் வண்டிகளின் பிரிவில் மாட்ச்லெஸ் வண்டியை ஓட்டிய சார்லி காலியர் வெற்றி பெற்றார். அந்தத் தீவின் பந்தயத்தில் இன்றும் போட்டியாளர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பத்து விநாடி இடைவெளி விட்டுப் புறப்படுகிறார்கள். பக்கத்தில் ஓடுகிறவரை முந்துவதைவிடக் கடிகாரத்தை முந்துவதே அங்கே முக்கியம். ஜூன் மாதத்து ஆரம்பத்தில் அங்கே சூரியன் அஸ்தமிக்க இரவு 9½ மணிக்கு மேல் ஆகிறது. கோடை நேரம் இல்லையானால் அது 8½ மணிக்கு மேல் என்று இருந்திருக்கும். வேலை முடிந்த பின்னும் மாலையில் நெடுநேரம் சவாரி செய்ய ஆசைப்படும் இளைஞர்களுக்கு இந்த ஒரு மணி பெரிய வரப்பிரஸாதம். மோட்டார் சைக்கிள்காரர்களில் பலர் கோடை நேரத்தை விரும்புவதற்கு இதுவே காரணம்.

நம் நாட்டில் ஏன் இந்த வழக்கம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கு 16½ மணி நேரத்துக்கு மேல் உண்டு. மிகக் குறுகிய பகலோ 8 மணி நேரத்துக்கும் குறைவு. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1½ மணி நேரந்தான். சேமித்து வைக்க நம்மிடம் உபரிப் பகல் இல்லை.

யுத்தம் செய்த காரியம்

வில்லெட் 1915-இல் காலமானார். சமாதான காலத்தில் பார்லிமெண்டு ஒப்புக்கொள்ளாததை மறு வருஷமே யுத்தம் சாதித்துவிட்டது. நிலக்கரியைச் சிக்கனம் செய்வதற்காக ஜெர்மனி 1916-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ஆந் தேதி இரவு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியது. எதிரி செய்ததை இங்கிலாந்தும் மே மாதம் 21-ஆந் தேதி செய்தது. அமெரிக்கா 1918-இல் சேர்ந்துகொண்டது. வில்லெட் சொன்ன இருபது நிமிஷப் படிகளை எல்லோரும் மறந்தார்கள். ஒரே தாவலில் ஒரு மணி என்பதே நிலைத்தது.

இரண்டாவது யுத்தத்தில் இங்கிலாந்து இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1941 முதல் கோடை மாதங்களில் கடிகாரம் 2 மணி முன்னால் ஓடிற்று. வெளிச்சத்தை மறைக்கும் இருட்டடிப்புச் சட்டம் அமலில் இருந்த காலம் அது. மோட்டார் வண்டிகளின் விளக்குகளுக்கும் முகமூடி போட்டிருந்தார்கள். ஒரு கீற்று வெளிச்சந்தான் தரையில் விழும். ராணுவச் செய்திகளை மோட்டார் சைக்கிளில் கொண்டு சென்ற தூதர்கள் அந்தக் கீற்றை நம்பியே இரவெல்லாம் ஓடினார்கள். ஆண்கள் மட்டுமன்றிக் கடற்படையின் பெண்கள் பகுதியைச் சேர்ந்த வீராங்கனைகளும் அந்த வேலையைச் செய்தார்கள். அந்த யுத்தத்துக்காக பி.எஸ்.ஏ. கம்பெனியார் எம்-20 என்ற ஒரே மாதிரியில் சுமார் 1,26,000 வண்டிகள் செய்து கொடுத்தார்கள் என்றால் அந்தச் சேவையின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். எத்தனை மணிக்குச் செய்தி புறப்பட்டது, எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்பதே அவர்களுக்கு உயிர்நாடி. மாலை வெளிச்சம் ஒரு மணி நீண்டாலும் அத்தனைக்கத்தனை இருட்டோட்டம் குறைந்தது.

அந்த யுத்தம் நம் வீட்டுக் கடிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை. 1942-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் முதல் தேதியிலிருந்து 1945-ஆம் வருஷம் அக்டோபர் மாத நடு வரையில், இந்தியாவின் நேரம் ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. தேசத் தலைவர்கள் சிறையில் இருந்த நாட்கள் அவை. மக்களைக் கேட்டுச் செய்த மாற்றமன்று அது. கோடை, குளிர் என்ற பேதமும் அதற்கு இல்லை. மூன்று வருஷத்துக்கு மேலாக ஒரே போக்காக ஓடிற்று. நம் தேசம் பகலைச் சேமித்த சரித்திரத்தில் அந்த அத்தியாயமே பிரதானம்.

ஒரே சாலை, பல நேரம்

யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷங்கள் ஆகியும் கடிகாரக் குழப்பம் முடியவில்லை. அமெரிக்காவின் தென்மேற்கே அரிஜோனா என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. கொளுத்தும் வெயில் பிரதேசம். மாலை வெயிலை இன்னும் ஒரு மணி நீட்டிக்கொள்ள அங்குள்ளவர்களுக்கு ஆசையில்லை. ஆகவே 1968 முதல் அந்த ராஜ்யம் கோடை நேரத்தை அனுசரிப்பதில்லை. ஆனால் அதன் வடகிழக்கு மூலையில் நவஹோ என்னும் ஆதிக்குடிகளின் சுயாட்சிப் பிரதேசம் உண்டு. அது மூன்று ராஜ்யங்களில் பரவியிருப்பதால், எல்லோருக்கும் ஒரே நேரமாயிருக்கட்டும் என்று கோடை நேரத்தை அனுசரிக்கிறது. அந்தப் பிரதேசத்தின் நடுவே, தீவுபோல, ஹோப்பி என்னும் மற்றொரு குடியினரின் பிரதேசம் இருக்கிறது. அவர்கள் அரிஜோனாவைப்போல் கோடை நேரம் வேண்டாம் என்கிறார்கள்.

கோடையில் பிளாக்ஸ்டாப் நகரத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வடக்கே புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். நவஹோ எல்லைக்குள் நுழைந்து டூபா ஸிடி என்னும் ஊரை அடையும்போது கடிகாரத்தை ஒரு மணி கூட்ட வேண்டும். அங்கிருந்து கிழக்கே திரும்பி ஹோப்பி கிராமங்களுக்குள் போனால் ஒரு மணி குறைக்க வேண்டும். அதையும் கடந்து நவஹோக்களின் தலைநகரான விண்டோ ராக் போய்ச் சேர்ந்தால் மறுபடியும் கூட்ட வேண்டும். ஒரே பகலில், நேரே செல்லும் வழியில், மூன்று முறைக்குக் குறையாமல் நேரம் மாறிவிடுகிறது! அனுபவசாலிகள் இதற்கு ஓர் எளிய உபாயம் வைத்திருக்கிறார்கள். போய்ச் சேர வேண்டிய ஊரின் நேரத்தைப் புறப்படும்போதே வண்டியில் வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடுவதே இல்லை. வழியில் சாப்பாட்டுக் கடை திறந்திருக்குமா, பெட்ரோல் கிடைக்குமா என்பதை மட்டும் கடைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். 'அயர்ன் பட் அசோஸியேஷன்' என்று அமெரிக்காவில் ஒரு சங்கம் உண்டு. கௌரவமாகத் தமிழில் சொன்னால், இரும்பு ஆசனச் சங்கம்! 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது சுமார் 1,600 கிலோ மீட்டர், ஓட்டியவர்களுக்கு அது நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கிறது. ஓட்டியதற்கு அத்தாட்சி, வழியில் பெட்ரோல் போட்ட கடைகளின் ரசீதுகள். அவற்றில் ஊரும் தேதியும் மணியும் அச்சாகியிருக்கும். நவம்பர் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னிரவில் இப்படி ஒருவர் ஓடினால் என்ன ஆகும்? ஒரு மணி முப்பது நிமிஷம் என்ற நேரம் அன்றிரவு இரண்டு தடவை வரும். 1.50-க்கு ஓர் ஊரில் பெட்ரோல் போட்டவர், ஐம்பது மைலுக்கு அப்பால் 1.40-க்கு மறுபடி போட்டதாக ரசீது பேசும்! புத்திசாலிகள் அன்று தங்கள் குறிப்புப் புஸ்தகத்தில் ஒரே கடிகாரத்தின் நேரத்தை, ஆரம்பம் முதல் கடைசி வரையில், மாற்றாமல் எழுதி வருவார்கள்.

மாற்ற முடியாத கடிகாரம்

இதுவரையில் நாம் சொன்னதெல்லாம் பொத்தானால் தீர்ந்துவிடுகிற தொல்லைகள். இனிச் சொல்லப்போவது அப்படிப்பட்டதன்று.

நம் ஒவ்வொருவருடைய மூளைக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. தூக்கம் வருவதும், விழிப்பு வருவதும், உடம்பின் உஷ்ணம் ஏறி இறங்குவதும் அதன்படிதான். கண்ணில் விழும் காலை வெளிச்சமே அதற்குச் சாவி கொடுக்கிறது. சட்டசபையின் உத்தரவு அதற்குக் கேட்பதில்லை. மார்ச்சு மாதத்தில் சுவர்க் கடிகாரம் ஒரே தாவலில் முன்னே போய்விட, உடம்பின் கடிகாரம் சில நாட்கள் நொண்டிக்கொண்டே பின்னால் வருகிறது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும்போது, உடம்பு 'மணி ஐந்துதானே' என்று சாதிக்கிறது.

இதன் பலனைக் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996 முதல் 2017 வரையில் உயிர்ச்சேதம் நேர்ந்த சாலை விபத்துக்களை ஆராய்ந்து, 2020-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. வசந்த காலத்து மாற்றத்தை அடுத்து வரும் வேலை நாட்களில் இத்தகைய விபத்துக்கள் சுமார் 6 சதவிகிதம் அதிகமாவதாக அது கண்டது. இது எல்லா வண்டிகளுக்குமான கணக்கு. ஆனால் மோட்டார் காரில் இருக்கிறவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இருக்கிறவரைச் சுற்றி இருப்பது காற்றுத்தான். அமெரிக்க அரசாங்கத்தின் கணக்குப்படி, ஓடிய தூரத்துக்குத் தூரம் ஒப்பிட்டால், மோட்டார் சைக்கிள்காரர் மரணமடைவது காரில் செல்கிறவரைவிட 20 மடங்குக்கும் மேல் அதிகம். ஆகவே தூக்கக் கலக்கம் இரண்டு விதத்தில் அவருக்குச் சத்துரு. அவருக்கு வந்தாலும் ஆபத்து. எதிரே கார் ஓட்டி வருகிறவருக்கு வந்தாலும் ஆபத்து.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 72 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 20 மீட்டர் ஓடுகிறது. தூக்கக் குறைவால் பிரேக்கைப் பிடிக்க அரை விநாடி தாமதமானால், அதற்குள் வண்டி 10 மீட்டர் போய்விடும். சாலையைக் கடக்கும் ஒரு குழந்தைக்கும் வண்டிக்கும் இடையே அந்தப் பத்து மீட்டர்தான் இருந்தது என்றால்?

வேறு தொல்லைகளும் அந்த வாரத்தில் சேர்ந்துகொள்கின்றன. மார்ச்சு மாதத்தில் பகல் வளர்ந்து, காலை வேலைக்குப் புறப்படுகிற சமயத்தில் சூரியன் நன்றாக மேலே ஏறியிருக்கும். நேரம் மாறிய மறுநாள் அதே சூரியன் மறுபடியும் அடிவானத்துக்கு இறங்கி, கிழக்கே செல்கிறவர்களின் கண்ணில் நேராக அடிக்கும். எதிரே வருகிறவன் கண் கூசினால், ஒற்றை விளக்கோடு வரும் சிறு வண்டி அவனுக்குப் புலப்படாது. சூரியனுக்கு ஒரு மணி முந்திப் புறப்படுகிறபடியால், மர நிழலில் உறைந்த பனியும் இன்னும் உருகியிராது.

இலையுதிர் காலத்திலோ காலை சௌக்கியம், மாலைதான் சங்கடம். சனிக்கிழமை வரையில் வெளிச்சத்தில் வீடு திரும்பியவர் திங்கட்கிழமை இருட்டில் திரும்புகிறார். அமெரிக்காவில் அதே பருவம் மான்கள் இணை தேடி அலையும் பருவம். அந்தி மயங்கும் வேளையில் அவை சாலையைத் தாண்டுகின்றன. இலையுதிர் கால மாற்றத்தை அடுத்த வாரத்தில் வண்டிகள் மான்கள்மீது மோதுவது 16 சதவிகிதம் அதிகமாவதாக 2022-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. காரில் மான் மோதினால் முன்பக்கம் நசுங்கும். மோட்டார் சைக்கிளில் மோதினால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் மாற்றமே இல்லாமல் ஏதாவது ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளலாகாதா என்று தோன்றும். வருஷம் முழுவதும் கோடை நேரம் என்று இங்கிலாந்து 1968 முதல் 1971 வரையில் பரீக்ஷை செய்து பார்த்தது. மாலை வெளிச்சம் வளர்ந்தது. ஆனால் வடக்கே உள்ளவர்கள் குளிர்காலக் காலை இருட்டைத் தாங்க முடியாமல் முறையிட்டார்கள். பார்லிமெண்டு 366-க்கு 81 என்ற வோட்டில் அதைக் கைவிட்டது. அமெரிக்கா 1974-ஆம் வருஷத்து ஜனவரியில் அவ்வாறே ஆரம்பித்து, குழந்தைகள் இருட்டில் பள்ளிக்குப் போகிறார்கள் என்ற கூக்குரல் எழவே, அந்த வருஷமே பின்வாங்கியது. ஐரோப்பியப் பார்லிமெண்டு 2019-இல் இந்த மாற்றத்தை ஒழித்துவிட வேண்டுமென்று வோட்டளித்தும், எந்த நேரத்தை நிலையாக்குவது என்பதில் அரசாங்கங்களுக்குள் இணக்கம் ஏற்படவில்லை. ஒருவருடைய மாலைக்கு நல்லது மற்றொருவருடைய காலைக்குக் கெடுதியாயிருக்கிறது.

வில்லெட் சொன்ன இருபது நிமிஷம்

சர்க்கார்கள் தீர்மானிக்கும் வரையில் மோட்டார் சைக்கிள்காரர் காத்திருக்க முடியுமா? இங்கேதான், மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, வில்லெட்டின் இருபது நிமிஷம் உதவிக்கு வருகிறது. பார்லிமெண்டு நிராகரித்த திட்டத்தை ஒருவர் தம் படுக்கையறையில் நிறைவேற்றிக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. வியாழன், வெள்ளி, சனி மூன்று இரவும் தினம் 20 நிமிஷம் முந்திப் படுத்து, காலையில் 20 நிமிஷம் முந்தி எழுந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் உடம்பின் கடிகாரம் பெரும்பாலும் சுவர்க் கடிகாரத்தைப் பிடித்துவிடும். எழுந்ததும் ஜன்னலைத் திறந்து காலை வெளிச்சத்தைக் கண்ணில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

வண்டியின் கடிகாரத்தைச் சனிக்கிழமை மாலையிலேயே, வண்டி நிற்கும்போது, மாற்றிவிட வேண்டும். அவசரமாகப் புறப்பட்டுவிட்டு, சாலையில் போகிறபோது பொத்தானைத் தேடுவதைப்போல் அபாயம் வேறில்லை. கூடவே விளக்கு எரிகிறதா, தலைக்கவசத்துக் கண்ணாடி கீறலின்றி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். திங்கட்கிழமை பத்து நிமிஷம் முன்னதாகப் புறப்பட்டு மெள்ளப் போகலாம். முடியுமானால் அந்த ஒரு நாள் ரயிலில் போனாலும் கௌரவக் குறைவில்லை.

பெட்ஸ் உட் காட்டில், வில்லெட்டின் ஞாபகார்த்தமாக 1927-இல் ஒரு நிழற் கடிகாரம் நாட்டினார்கள். சூரியனுடைய நேரத்தைக் காட்டுவதுதான் நிழற் கடிகாரத்தின் இயல்பு. ஆனால் இந்தக் கடிகாரத்தின் எண்களைக் கோடை நேரப்படி ஒரு மணி தள்ளிச் செதுக்கியிருக்கிறார்கள். ஆகவே குளிர்காலத்திலும் அது கோடை நேரத்தையே காட்டிக்கொண்டு நிற்கிறது, கொட்டகையில் போர்த்தி நிறுத்திய மோட்டார் சைக்கிளின் கடிகாரத்தைப்போல. கல்லில் எண்களை மாற்றிச் செதுக்கலாம். அதன்மீது விழும் நிழல் தன் வழியேதான் போகும்.

இந்த விஷயத்தில் நமக்கென்ன என்று நேயர்கள் கருத வேண்டாம். லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் பிள்ளையோ பெண்ணோ வேலை பார்க்கிற குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ இருக்கின்றன. குளிர்காலத்தில் அந்த ஊர் நேரம் நம்முடையதைவிட 5½ மணி பின்தங்கியிருக்கிறது. கோடையில் 4½ மணி. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் புறப்படுமுன் தினம் கூப்பிடுகிற பிள்ளையின் குரல், இங்கே பகல் 12½ மணிக்கு வருவது, மார்ச்சு மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் திடீரென்று 11½ மணிக்கே வந்துவிடும். "என்னப்பா, இன்று ஒரு மணி முந்திவிட்டாயே?" என்று அம்மா கேட்பாள். "நான் முந்தவில்லை அம்மா, கடிகாரம் முந்திவிட்டது" என்பான் பிள்ளை.

அவன் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவனாயிருந்தால், அப்போது அம்மா இன்னும் ஒரு வார்த்தை சொல்லட்டும்: "நேற்றிரவு சரியாகத் தூங்கினாயா? இந்த வாரம் மட்டும் வண்டியை மெள்ள ஓட்டு, கண்ணா."